பழைய கேசினோ சிப் ஒன்று வீட்டில் கிடைத்தால்: பிறந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி நம் இந்தியக் குடும்பங்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் பக்கம் பெரியவர்கள் இருந்த வீட்டை ஒழிக்கும்போது, பாஸ்புக்குக்கும் பழைய ரசீதுகளுக்கும் நடுவே ஒரு புரியாத பொருள் அடிக்கடி அகப்படுகிறது. காசு மாதிரி இருக்கும், காசு அல்ல. சூதாட்ட விடுதியான கேசினோவில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப்பாக, ஓரத்தில் வண்ணப் பட்டைகள் போட்ட வில்லையாக இருக்கும். ஏதோ ஹோட்டல் பெயர் போட்ட சாம்பல் கிண்ணமாகவோ, மூலை வெட்டிய சீட்டுக்கட்டாகவோ, நடுவில் துளை போட்ட பகடையாகவோ இருக்கும். வீட்டில் ஒருவர் "தாத்தா சன் சிட்டியில் ஜெயிச்சது" என்பார். இன்னொருவர் "இல்லை, அது மாமா கப்பலில் வேலை செய்தபோது கொண்டுவந்தது" என்பார். அதற்குமேல் யாருக்கும் தெரியாது. பொருள் குப்பைக்குப் போகும், அல்லது இணையத்தில் வந்த விலைக்குப் போகும்.

அப்படிப் போகவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தேடலைப் புதிதாகத் தொடங்குகிறவருக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எந்த மண்ணில் கேசினோ நடத்தலாம், எந்த மண்ணில் நடத்தக்கூடாது என்பதை இங்கே முப்பது வருடத்துக்கும் மேலாகச் சட்டமும் எல்லைக்கோடும் தீர்மானித்தன. அந்த எல்லைகள் எப்போது போடப்பட்டன, எப்போது அழிக்கப்பட்டன என்பது நாள் தேதியோடு பதிவாகியிருக்கிறது. பொருளில் இருக்கும் ஓர் ஊர்ப்பெயரையோ நாணயக் குறியையோ அந்த எல்லை வரலாற்றோடு பொருத்தினாலே காலம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதலில், கழுவாதீர்கள்

பித்தளை டோக்கனைக் கண்டவுடன் புளி போட்டுத் தேய்க்க நம் கை போகும். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யக்கூடாது. புளி மேல் படலத்தைக் கரைக்கும். மெல்லிய எழுத்தும் அச்சுத் தடமும் அதோடு மழுங்கும், சேகரிப்பவர்களின் மதிப்பும் சரியும். களிமண் கலவையில் செய்த சிப்புகள் இன்னும் மோசம். தண்ணீரில் ஊறினால் நிறம் வெளிறும், நடுவில் ஒட்டிய தாள் வட்டம் உப்பும். உலர்ந்த மென்துணியால் தூசியை மட்டும் துடையுங்கள்.

பிறகு பொருள் எங்கே, எதனோடு கிடைத்தது என்பதை அன்றைக்கே எழுதுங்கள். தையல் பெட்டியிலா, சட்டைப் பையிலா, கூடவே என்ன இருந்தது? அதே உறையில் இருந்த ஒரு பஸ் டிக்கெட் சிப்பைவிடப் பெரிய சாட்சியாக அமையலாம். வீட்டை ஒழிப்பவர்கள் பொருள்களை வகை வகையாகப் பிரித்துவிட்டால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும், திரும்ப வராது. ஆகவே பிரிப்பதற்கு முன்பே, இழுப்பறையைத் திறந்த நிலையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுக்க ஒரு வெர்னியர் காலிப்பர், கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், புற ஊதா கைவிளக்கு போதும். படம் எடுக்கும்போது அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள், ஓரத்தையும் எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் தேய்ந்த எழுத்து நிழல் விட்டு எழுந்து வரும்.

கையில் இருப்பது என்ன?

கேசினோவில் பயன்படும் சாதாரணச் சிப்பின் விட்டம் சுமார் 39 மில்லிமீட்டர். பக்காரா என்ற சீட்டாட்ட மேசைக்கு 43 மில்லிமீட்டர் அளவில் சற்றுப் பெரிதாகச் செய்வார்கள். களிமண் கலவைச் சிப் பெரும்பாலும் 8 முதல் 10 கிராம் எடை இருக்கும். 11.5 கிராமோ அதற்கு மேலோ கனத்து, கீழே போட்டால் உலோகம் போல் ஒலித்தால், உள்ளே இரும்புத் தகடு வைத்து வீட்டு விளையாட்டுக்காக விற்கும் செட்டைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். உலோக உள்ளீடு வைத்த நிஜக் கேசினோச் சிப்புகளும் உண்டு.

புதியவர்களை அதிகம் குழப்புவது மதிப்பே எழுதாத சிப். "காசு எவ்வளவு என்று இல்லையே, இது போலி" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சுழலும் சக்கரத்தில் பந்தை ஓடவிட்டு ஆடும் ரூலெட் மேசையில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள். யார் எங்கே வைத்தார் என்று தெரிவதற்காகத்தான் நிறம். ஒரு சிப்புக்கு என்ன மதிப்பு என்பதை உட்காரும்போது மேசையில் முடிவு செய்வார்கள். ஆகவே ரூலெட் சிப்பில் தொகை இருக்காது. கேசினோவின் பெயரோ சின்னமோ இருக்கும், கூடவே மேசையைக் குறிக்கும் ஓர் எழுத்தோ வடிவமோ இருக்கும். மேசையை விட்டு எழும்போது அதைத் திருப்பிக் கொடுத்து மதிப்புச் சிப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும், வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது வழக்கம். அப்படியிருந்தும் ஒன்று தாத்தாவின் பைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது என்றால், அவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. மதிப்புள்ள சிப்பைவிட எனக்கு இதுதான் அருமையாகத் தெரிகிறது.

செவ்வகமாக, சோப்புக்கட்டி போல் தடித்த பளபளப்பான பிளாஸ்டிக் பலகையாக இருந்தால் அது பெரிய தொகைக்கான பிளாக். ஐரோப்பிய வழக்கத்தைப் பின்பற்றும் கேசினோக்களில் பயன்படுவது, பெரும்பாலும் தொடர் எண்ணோடு வரும். மீன் வடிவத்தில் முத்துச்சிப்பி ஓட்டில் செதுக்கியது கிடைத்தால் அது கேசினோப் பொருளே அல்ல. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சீனத்துக் கான்டன் நகரில் செய்து ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு ஏற்றுமதி செய்த சீட்டாட்ட வில்லை அது.

சீட்டுக்கட்டில் துளையோ வெட்டிய மூலையோ இருந்தால் மேசையில் பயன்படுத்தி, திரும்ப ஆட்டத்துக்கு வரக்கூடாது என்று ரத்து செய்து வெளியே விட்டது. துண்ணி என்ற சீட்டாட்டம் ஆடும் வீடுகளில் இப்படிப்பட்ட கட்டு இருந்தால் ஆச்சரியமில்லை. பகடையிலும் இதே கதைதான்: தொடர் எண், கூர்மையான ஓரம், மேலே ஒரு கீறலோ முத்திரையோ. ஸ்லாட் இயந்திரத்துக் காசு வாங்கும் பிளாஸ்டிக் வாளி கிடைத்தால், இயந்திரங்கள் காகித டிக்கெட்டுக்கும் கார்டுக்கும் மாறுவதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

எல்லைக்கோடு சொல்லும் காலம்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

1965ஆம் ஆண்டின் 51ஆம் எண் சூதாட்டச் சட்டம் குடியரசுக்குள் குதிரைப் பந்தயத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாச் சூதாட்டத்தையும் தடுத்தது. டர்பனின் கிரேவில் பந்தயத் திடலில் குதிரை மேல் பணம் கட்டலாம், ரூலெட் மேசை போட முடியாது. 1996ஆம் ஆண்டின் 33ஆம் எண் தேசியச் சூதாட்டச் சட்டம் வந்து, நாடு முழுவதற்கும் 40 கேசினோ உரிமங்கள் என்று வரம்பு போடும் வரை இதுதான் நிலை. ஆகவே இந்த இடைப்பட்ட காலத்தில் டர்பன், ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் பெயர் போட்ட கேசினோச் சிப்பைக் கண்டால் உடனே சந்தேகப்படுங்கள்.

நம்மவர்கள் அந்தக் காலத்தில் எங்கே போனார்கள்? முதலில் பக்கத்து நாடுகளுக்கு. ஸ்வாசிலாந்தின் எசுல்வினி பள்ளத்தாக்கில் ராயல் ஸ்வாசி ஸ்பா 1960களிலேயே வந்துவிட்டது. லெசோத்தோவின் மசேருவிலும், போட்ஸ்வானாவின் கபரோனேயிலும் ஹாலிடே இன் பெயரில் கேசினோ நடந்தது. அடுத்து, இனஒதுக்கல் அரசு கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கி, "சுதந்திர நாடு" என்று அறிவித்த தாயகப் பகுதிகள் வந்தன. டிரான்ஸ்கய் 1976 அக்டோபர் 26. போபுதத்ஸ்வானா 1977 டிசம்பர் 6. வெண்டா 1979 செப்டம்பர் 13. சிஸ்கய் 1981 டிசம்பர் 4. உலகில் வேறு எந்த நாடும் இவற்றை நாடாக ஏற்கவில்லை. ஆனால் பிரிட்டோரியாவில் இருந்த தென்னாப்பிரிக்க அரசின் சூதாட்டத் தடை அங்கே செல்லாது. அந்தச் சந்தில்தான் ஹோட்டல் அதிபர் சால் கெர்ஸ்னர் 1979 டிசம்பரில் போபுதத்ஸ்வானாவில் சன் சிட்டி என்ற கேசினோ விடுதியைத் திறந்தார். டர்பன்காரர்களுக்கு மிக அருகில் அமைந்தது 1981இல் வந்த வைல்ட் கோஸ்ட் சன். போர்ட் எட்வர்டைத் தாண்டி, உம்டம்வுனா ஆற்றைக் கடந்தால் டிரான்ஸ்கய்.

இந்தப் பொருள்கள் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டர்பன் கடற்கரையே இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. தன் ஊர்க் கடற்கரையில் எந்த மணலில் உட்காரலாம் என்று பலகை மாட்டி வைத்திருந்த காலத்தில், ஒரு மனிதர் பஸ் ஏறி ஆற்றைக் கடந்து போய், எல்லோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஏற்பாடு யாருடைய நிலத்தின் மேல், யாருடைய உரிமையைப் பறித்து நடந்தது என்பதும் அதே சிப்புக்குள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அதன் வரலாறு முழுதாகும்.

இனி இதைப் பொருளில் பொருத்திப் பாருங்கள். டிரான்ஸ்கய், போபுதத்ஸ்வானா, வெண்டா, சிஸ்கய் என்ற பெயர் நாடாக அச்சாகியிருந்தால், மேலே சொன்ன தொடக்க நாளுக்கும் 1994 ஏப்ரல் 27க்கும் இடைப்பட்டது. அன்றுதான் நான்கும் மீண்டும் தென்னாப்பிரிக்காவோடு இணைந்தன. மாகாணப் பெயர் நேட்டால் என்று மட்டும் இருந்தால் 1994க்கு முந்தையது, குவாசுலு-நேட்டால் என்று இருந்தால் பிந்தையது. ஸ்வாசிலாந்து 2018இல் எஸ்வாட்டினி ஆனது. மொசாம்பிக் தலைநகரின் லோரென்சோ மார்க்கெஸ் என்ற பெயர் 1976இல் மபுட்டோ ஆயிற்று. ரொடீஷியா என்று இருந்தால் 1980இல் ஜிம்பாப்வே பிறக்கும் முன் செய்தது.

கம்பெனிப் பெயரும் ஒரு கோடு போடும். சன் சிட்டியைக் கட்டியது சதர்ன் சன் நிறுவனம். 1983இல் கேசினோக்கள் பிரிந்து சன் இன்டர்நேஷனல் என்ற பெயருக்கு வந்தன. ஆகவே சன் சிட்டிப் பொருளில் சதர்ன் சன் சின்னம் இருந்தால் முதல் சில வருடங்களைச் சேர்ந்தது. ராயல் ஸ்வாசி ஸ்பா, ராயல் ஸ்வாசி சன் ஆனதும், மசேருவின் ஹாலிடே இன், மசேரு சன் ஆனதும் இந்த மாற்றத்தை ஒட்டித்தான். பழைய பெயர் போட்ட சரக்கைத் தீரும்வரை பயன்படுத்தியிருப்பார்கள், ஆகவே ஓரிரு வருடம் முன்பின் விட்டுக் கணக்கிடுங்கள்.

பெயரே இல்லாமல் இரண்டு எழுத்து மட்டும் பொறித்த மலிவான சிப் வந்தால், 1990களின் முற்பகுதியையும் நினைவில் கொள்ளுங்கள். உரிமம் இல்லாத கேசினோக்கள் அப்போது நகரங்களில் முளைத்தன. பழைய சட்டம் ஆட்டம் கண்டு, புதிய சட்டம் வராத இடைவெளி அது. அவற்றின் பொருள்களைப் பற்றிய பதிவு குறைவு, கண்டுபிடிப்பதும் கடினம். ஆனால் அப்படி ஒன்றை உறுதிசெய்ய முடிந்தால் மற்றவர்களுக்கு அது மிகவும் உதவும். சன்கோஸ்ட், சிபாயா, கோல்டன் ஹார்ஸ் போன்ற பெயர்கள் எல்லாம் புதிய சட்டத்துக்குப் பிறகு வந்தவை. டர்பன் சன்கோஸ்ட் 2002இல் திறந்தது.

தொகைக்கு முன்னால் நிற்கும் எழுத்து

தென்னாப்பிரிக்காவில் ராண்ட் 1961 பிப்ரவரி 14இல் வந்தது. அதற்கு முன் பவுண்ட், ஷில்லிங், பென்னி. ஷில்லிங் மதிப்புப் போட்ட உள்ளூர் வில்லை கிடைத்தால் அது கேசினோவைவிட ஏதேனும் கிளப் அல்லது கடையின் டோக்கனாக இருக்கவே வாய்ப்பு.

பக்கத்து நாடுகள் தொடக்கத்தில் ராண்டைத்தான் பயன்படுத்தின. ஸ்வாசிலாந்து 1974இல் லிலாங்கெனியையும், போட்ஸ்வானா 1976 ஆகஸ்டில் புலாவையும், லெசோத்தோ 1980இல் லோட்டியையும் கொண்டுவந்தன. தொகைக்கு முன் ஆங்கில ஈ எழுத்து இருந்தால் ஸ்வாசிலாந்து, எம் இருந்தால் லெசோத்தோ, பி இருந்தால் போட்ஸ்வானா என்று பார்க்கத் தொடங்கலாம். கபரோனே சிப்பில் ராண்டைக் குறிக்கும் ஆர் இருந்தால் 1976க்கு முந்தையது என்று துணிந்து நினைக்கலாம். ஸ்வாசிலாந்து, லெசோத்தோ விஷயத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம். உள்ளூர்ப் பணம் வந்த பிறகும் அங்கே ராண்ட் புழங்கியது.

ஒரு கற்பனை உதாரணத்தோடு இதைச் சேர்த்துப் பார்ப்போம். மெரூன் நிறத்தில், தொகை இல்லாத ஒரு சிப். ஓரத்தில் தேய்ந்த எழுத்து. தாத்தா சன் சிட்டியில் ஜெயித்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் 'ராயல் ஸ்வாசி' என்று வருகிறது. தொகை இல்லை, ஆகவே ரூலெட். தாத்தாவின் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தால் கோலேலா எல்லைச் சாவடியில் 1978இல் வைத்த முத்திரை இருக்கிறது. சன் சிட்டி அப்போது திறக்கவேயில்லை. வீட்டார் சொன்ன ஊர் தவறு, ஆனால் பயணம் நிஜம். பின்னாளில் சன் சிட்டியின் பெயர் பெரிதானதும் பழைய நினைவு அதில் போய் ஒட்டிக்கொண்டது. இப்படிக் கதை இடம் மாறுவது மிகச் சாதாரணம். பெரியவர்கள் பொய் சொன்னதாக எண்ணக்கூடாது.

பாஸ்போர்ட்டை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்வாசிலாந்துக்கும் லெசோத்தோவுக்கும் போனவர்கள் எல்லையில் முத்திரை வாங்கினார்கள். அது நாளோடு இருக்கும். வேறு எந்தக் காகிதமும் இவ்வளவு சுத்தமாகத் தேதி தராது.

சின்ன எழுத்துகள்

தீப்பெட்டி அட்டை, மெனு, அஞ்சலட்டை போன்ற காகிதப் பொருள்களில் அச்சாளர் பெயரும் முகவரியும் பொடி எழுத்தில் இருக்கும். தீப்பெட்டி அட்டையில் லயன் மேட்ச் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டர்பன் உம்கேனி சாலையில் இருந்த ஆலை அவர்களுடையது. நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1973 அக்டோபருக்குப் பிந்தையது. 600 அல்லது 601 என்று தொடங்கும் பட்டைக்கோடு இருந்தால் அது தென்னாப்பிரிக்கப் பதிவு. இணைய முகவரி இருந்தால் 1990களின் நடுப்பகுதிக்கு முன்னால் போகாது. சன் சிட்டி அஞ்சலட்டையில் போபுதத்ஸ்வானா தபால்தலையும் அதன் முத்திரையும் சேர்ந்து இருந்தால் அதைப் பிரிக்காதீர்கள். தபால்தலையை நீராவி காட்டி எடுத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதனால் தேதியே போய்விடும்.

சிப்பின் ஓரத்தில் அச்சிலேயே பதிந்த வடிவம் செய்தவரைக் காட்டும். தொப்பியும் கைத்தடியும் மாறி மாறி வந்தால் லாஸ் வேகாஸின் பால்சன். பிளாக்குகள், அச்சுவார்ப்புச் சிப்புகளில் பிரான்ஸின் போன் நகரத்து பூர்கோன் ஏ கிராசே பெயர் வரலாம். 1920களிலிருந்து இத்தொழிலில் இருந்தவர்கள். பட் ஜோன்ஸ் இன்னொரு பெரிய பெயர். இந்த மூன்றும் பிற்பாடு ஒரே நிறுவனமாயின. செய்தவர் யார் என்று தெரிந்தால், எந்தக் காலம் முதல் எந்த வகை அச்சு வழக்கில் இருந்தது என்று சேகரிப்பாளர்களிடம் கேட்க முடியும். புற ஊதா விளக்கில் மறைந்த குறி ஒளிர்ந்தால் பெரும்பாலும் சமீப காலத்துச் சிப்.

பழைய வில்லை மஞ்சள் கலந்த வெண்மையாக, கனமாக இருந்தால் தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா என்று லென்ஸில் பாருங்கள். எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் வலை போல் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். தந்தம் என்று சந்தேகம் வந்தால் விற்பதற்கும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் முன் அனுமதி விதிகளை விசாரியுங்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனை வேண்டாம், பொருள் கெடும்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

ஆவணக் காப்பகம் காத்திருக்கும். ஆயாவின், அதாவது பாட்டியின், நினைவு காத்திருக்காது. ஆகவே காப்பகத்துக்குப் போகும் முன் வீட்டில் கேட்டு முடியுங்கள்.

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். யாருக்கும் வருடம் நினைவிருக்காது, கேட்டவுடன் தயங்கிப் போவார்கள், அல்லது உங்கள் திருப்திக்காக ஒரு எண்ணைச் சொல்வார்கள். பயணத்தைக் கேளுங்கள். "ஆயா, பஸ்ஸிலா போனீங்க, யார் காரிலயா?" "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டுப் போனீங்களா?" "அப்போ அம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" "சாப்பாடு கட்டிக்கிட்டுப் போனீங்களா, அங்கே வாங்கினீங்களா?" கல்யாணம், பிள்ளைப்பேறு, வீடு மாறியது, ஆலை மூடியது இவற்றோடு சேர்த்துக் கேட்டால் வருடம் தானாக வந்து நிற்கும். பஸ்ஸில் காலையில் போய் ராத்திரி திரும்பினோம் என்றால் வைல்ட் கோஸ்ட் பக்கம் யோசிக்கலாம். சன் சிட்டிக்கு டர்பனிலிருந்து அப்படிப் போய்வர முடியாது.

மசேரு என்று சொன்னால் வழியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். டர்பனிலிருந்து அங்கே போகும் பாதை ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் வழியாகப் போகிறது. இந்தியர் அந்த மாநிலத்தில் குடியிருக்க முடியாது என்ற பழைய சட்டம் 1986 வரை நீடித்தது. எங்கே நிறுத்தினார்கள், யார் வீட்டில் இளைப்பாறினார்கள் என்பதெல்லாம் ஒரு சிப்பைவிடப் பெரிய செய்தி. பேச்சைச் சம்மதம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். குடும்பத்தில் சூதாட்டத்தால் காசு போன வலி இருக்கலாம், அந்த இடம் வந்தால் துருவாமல் விட்டுவிடுங்கள். தாத்தா கேசினோ போனது ஆயாவுக்குத் தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். நாலு பேர் நடுவில் சிப்பை எடுத்து நீட்டாதீர்கள்.

காப்பகமும் பத்திரிகையும்

வெஸ்ட்வில்லில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் தென்னாப்பிரிக்க இந்தியர் பற்றிய பத்திரிகைகளும் வாய்மொழிப் பதிவுகளும் இருக்கின்றன. 'லீடர்', 'கிராஃபிக்' போன்ற நம் சமூகத்து வாரப் பத்திரிகைகளில் செய்தியைவிட விளம்பரங்களைப் பாருங்கள். சுற்றுலா பஸ், வாரக்கடைசிப் பயணம், புத்தாண்டு நிகழ்ச்சி என்ற விளம்பரங்களில் கேசினோ பெயரும் தேதியும் சேர்ந்தே இருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நூலகத்திலும், பிரிட்டோரியா, கேப் டவுனில் உள்ள தேசிய நூலகத்திலும் பழைய இதழ்களின் தொகுப்பு உண்டு. போகும் முன் எந்த மாதங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பிக் கேட்டால் நூலகர்கள் எடுத்து வைப்பார்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் கேசினோ, சூதாட்டம் என்ற சொற்களை ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் தேடுங்கள். அப்போதைய அரசுக் கோப்புகளில் பல ஆஃப்ரிகான்ஸில்தான் இருக்கின்றன. தாயக அரசுகளின் கோப்புகளுக்கு டர்பனில் தேடிப் பயனில்லை. டிரான்ஸ்கய்க்கு உம்டாட்டா (இப்போது ம்தாதா) பக்கமும், போபுதத்ஸ்வானாவுக்கு மஹிகெங் பக்கமும் போகவேண்டும்.

சேகரிப்பாளர்களின் உலகமும் பெரிது. சிப்கைட் என்ற இணையத் தொகுப்பில் உலகெங்கும் உள்ள கேசினோச் சிப்புகளின் படங்கள் நாடுவாரியாக இருக்கின்றன. 1988இல் தொடங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் சங்கமும், லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் சூதாட்ட ஆய்வு மையமும் கேள்விகளுக்கு நல்ல இடங்கள். உலோக டோக்கனுக்கு நுமிஸ்டா தளத்தைப் பாருங்கள். கேள்வி அனுப்பும்போது அளவு, எடை, இருபுறப் படம், ஓரப் படம், கிடைத்த ஊர் எல்லாவற்றையும் கொடுங்கள். "இது எவ்வளவு பெறும்?" என்று தொடங்கினால் பலர் பதில் போடமாட்டார்கள். "இது எங்கே செய்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் ஆர்வத்தோடு வருவார்கள்.

ஓர் எச்சரிக்கை. மூடிப்போன கேசினோக்களின் பெயரிலும், எப்போதுமே இல்லாத கேசினோக்களின் பெயரிலும் இன்று புதிதாகச் சிப் அடித்து விற்கிறார்கள். சேகரிப்பாளர்கள் இவற்றை ஃபேன்டசி சிப் என்பார்கள். கடையில் வெறுமையாகக் கிடைக்கும் பொது அச்சில் படம் ஒட்டியிருக்கும், தேய்மானமே இருக்காது, ஒரே விற்பனையாளரிடம் எல்லா மதிப்பிலும் வரிசையாக இருக்கும். ஏல விவரத்தில் இருக்கும் வரலாற்றை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் படியெடுத்திருப்பார். பத்து இடத்தில் ஒரே வரி வந்தாலும் அது ஒரே சாட்சிதான்.

முழு ஸ்லாட் இயந்திரமே கிடைத்தால் வேறு கதை. பதிவில்லாத சூதாட்ட இயந்திரம் வைத்திருப்பதை இந்நாட்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பழையது, ஓடாதது என்று நீங்களே முடிவு செய்யாமல், வாங்குவதற்கும் நகர்த்துவதற்கும் முன் மாகாணச் சூதாட்ட அதிகார அமைப்பிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதி வைப்பது

கிடைத்ததை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: கண்டது, கேட்டது, ஊகித்தது. "39 மில்லிமீட்டர், 9 கிராம், மெரூன், தொகை இல்லை" என்பது கண்டது. "சன் சிட்டியில் ஜெயித்தது என்று பெரியம்மா சொன்னார்" என்பது கேட்டது, அவர் சொன்ன சொல்லிலேயே, சொன்ன தேதியோடு. "ராயல் ஸ்வாசி ரூலெட் சிப், பாஸ்போர்ட் முத்திரைப்படி 1978 பயணத்தில் வந்திருக்கலாம்" என்பது ஊகம். பின்னால் வேறு ஆதாரம் வந்தால் மூன்றாவதை மட்டும் மாற்றலாம், முதல் இரண்டும் அப்படியே நிற்கும். தவறாகிப்போன வீட்டுக் கதையை அடித்துவிடாதீர்கள். குடும்பம் எதை நினைவில் வைத்திருந்தது என்பதற்கு அதுவே ஆவணம்.

சிப்பைப் பிவிசி கலந்த ஆல்பத்தில் போடவேண்டாம். நாளாக நாளாகப் பிசுக்கு ஏறும். கெட்டியான காகித உறையோ, பிவிசி இல்லாத உறையோ நல்லது. டர்பன் கடல்காற்றின் ஈரத்துக்குப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, மாதமொருமுறை மாற்றுங்கள். குறிப்புத்தாளைப் பொருளின் மேல் ஒட்டாமல் உறைக்குள் தனியாக வையுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பதிவான நேர்காணலை ஆவண மையத்துக்குத் தர விரும்பினால், பேசியவரின் கையெழுத்துச் சம்மதத்தை அவர் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.